டவர் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்?

பாட்டில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து இறங்குகிற இடம். ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே அடங்கிய என் ரிசீவருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; கூடமே அமைதியாகிவிட்டது. முகப்பில் ‘புரொடெக்ட்’ என்ற எழுத்து மட்டும் மினுங்கியது. முந்தைய வாரம் வரை இதே ரிசீவர் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை இதே வால்யூமில் மணிக்கணக்கில் ஓட்டியது. நான் புதிதாக வாங்கி வைத்தது இடுப்புயர டவர் ஸ்பீக்கர்கள் இரண்டை மட்டும்தான். ரிசீவரின் பெட்டியிலோ ‘சேனலுக்கு 140 வாட்’ (சேனல் என்றால் ஒரு ஸ்பீக்கருக்கான வழி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

காரணம் ஸ்பீக்கரின் முதுகில் இருந்தது. அங்கே ‘8 ஓம்’ என்று எழுதியிருக்கும். ஓம் என்பது மின்தடையின் அலகு. 8 ஓம் வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய கூம்பு) ஒன்றைத் தனியே எடுத்து, இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 6 ஓம் அளவில்தான் காட்டும். அது செம்புக் கம்பியின் வெறும் மின்தடை. பாட்டு என்பது நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம். அதற்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பை இம்பீடன்ஸ் என்பார்கள். அது ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். வூஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்ணில் அதன் கம்பிச் சுருள் காந்தத்துக்குள் வேகமாக ஆடி, தானே ஒரு டைனமோவாகி, வரும் மின்சாரத்தை எதிர்க்கும். அங்கே இம்பீடன்ஸ் 20, 30 ஓம் வரைகூட ஏறும். அதைத் தாண்டியதும் மளமளவென்று சரிந்து, பெரும்பாலும் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். பேஸ் கிட்டாரும் ஆண்குரலின் அடிநாதமும் நடமாடுகிற இடம் அதுதான்.

டவர் ஸ்பீக்கரில் இந்தச் சரிவு இன்னும் ஆழமாகப் போகும். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று வூஃபர்கள் இருக்கும். அவற்றைப் பெரும்பாலும் பக்க இணைப்பில் கோத்திருப்பார்கள். 8 ஓம் வூஃபர்கள் இரண்டு பக்க இணைப்பில் சேர்ந்தால் 4 ஓம். சர்வதேசத் தர விதிப்படி 8 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆனாலும் 8 ஓம் முத்திரையோடு 4 ஓமுக்கும் கீழே போகும் டவர்கள் கடைகளில் நிறைய உண்டு.

இதை ஆம்ப்பின் பக்கமிருந்து பார்ப்போம். வால்யூமைத் திருகும்போது நாம் கூட்டுவது வோல்ட். 24 வோல்ட் கொடுத்தால் 8 ஓமில் 3 ஆம்பியர் பாயும். 4 ஓமில் 6 ஆம்பியர். 3 ஓமில் 8 ஆம்பியர். வால்யூம் குமிழ் அதே இடத்தில்தான் நிற்கிறது, கரண்ட் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. அந்தச் சூட்டை டிரான்சிஸ்டர்கள் தாங்காது என்பதால் காவல் சர்க்யூட் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் உள்ள சுவிட்சான ரிலேயைத் திறந்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. நான் கேட்ட ‘டக்’ அதுதான்.

அப்படியானால் 140 வாட் என்று போட்டது பொய்யா? பொய் இல்லை, ஆனால் அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சேனலை ஓட்டி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் கொடுத்து, 6 ஓமில், 10 சதவீதச் சிதைவு வரை விட்டு அளந்த எண் அது. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டரில் ஒட்டிவந்த ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ (கணநேர உச்சத் திறன்) ஸ்டிக்கரின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்வேன். அமெரிக்காவில் இந்த எண் விளையாட்டைக் கட்டுப்படுத்த 1974இலேயே விதி கொண்டுவந்தார்கள். நீங்கள் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனலும் ஓடும்போது, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவு. அதற்குப் பக்கத்தில் 4 ஓம் கணக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓமில் 80 வாட், 4 ஓமில் 130, 140 என்றால் உள்ளே பவர் சப்ளை திடமானது. 4 ஓம் கணக்கே தராத ரிசீவரை டவரோடு சேர்க்க நான் யோசிப்பேன்.

சரி, உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் திறனுக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 88 டெசிபல் என்றால், 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தள்ளி 88 டெசிபல் கேட்கும். 3 மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால் சத்தம் குறையும். இரண்டாவது ஸ்பீக்கரும் சுவர்களும் கொஞ்சம் திருப்பித் தரும். கடைசியில் 83, 84 டெசிபல் அளவு நிற்கும். வீட்டில் அன்றாடம் கேட்பதற்கு அதுவே அதிகம். அதாவது பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. மிச்ச வாட்டெல்லாம் திடீரென்று விழும் டிரம் அடிக்காகத்தான். சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழும் ஓர் அடிக்கு நூறு மடங்கு திறன் வேண்டும்: 100 வாட். 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே வேலையை 50 வாட் செய்துவிடும். ஸ்பீக்கரில் 3 டெசிபல் கூடினால் ஆம்ப் பாதியானால் போதும். ஆனால் 100 வாட் ஆம்ப்பை விட்டு 120 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 1 டெசிபல்கூட இல்லை. அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சென்சிட்டிவிட்டியைப் பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து அளந்திருப்பார்கள். அது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே 90 என்று போட்ட 4 ஓம் டவர், ஒரு வாட்டுக்கு 87தான்.

பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சின்ன ஆம்ப்பை மூச்சுத் திணற ஓட்டினாலும் எரியும். எல்லையைத் தாண்டும்போது அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகிறது. அதிலிருந்து கிளம்பும் கூர்மையான மேல் ஒலிகள், உச்ச ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் மெல்லிய கம்பியில் போய் இறங்கும். குரல் கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள்.

ரிசீவர் மெனுவில் 4 ஓம் அமைப்பு ஒன்று இருந்தது, போட்டுப் பார்த்தேன். அது உள்ளே வோல்ட்டைக் குறைத்துச் சூட்டைத்தான் தணிக்கும். ரிசீவர் அணையவில்லை, ஆனால் டிரம் அடியில் உயிரே இல்லை. அப்புறம், பின்பக்கம் ‘பிரீ அவுட்’ துளைகள் (வேறொரு ஆம்ப்புக்கு சிக்னலை அனுப்பும் வழி) இருப்பதைக் கவனித்து, 4 ஓமுக்குக் கணக்கு கொடுத்திருந்த இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்றை அதில் இணைத்தேன். இப்போது டவர்களை இழுப்பது அது. மீதிச் சேனல்களை மட்டும் ரிசீவர் பார்த்துக்கொள்கிறது. அதே பாட்டு முழுதாக ஓடி முடிந்தபின் ரிசீவரின் மேல்மூடியில் கைவைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது.