‘வேறுபாடு உண்டு’ என்று எழுதுவதற்கு முன்

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் ஆலோசனை கூறுவது என் பணி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலம் நெருங்கும்போது முதுநிலை மாணவர்கள் எக்செல் கோப்புடன் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, “சார், சிக்னிஃபிகன்ட்டா வந்திருக்கா?” என்பதுதான். இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு, அது நோயாளிக்கு எந்த வகையில் முக்கியம் என்பவை பேச்சில் வருவதே இல்லை. பி மதிப்பு (p-value) எனப்படும் புள்ளியியல் எண் 0.05-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்பது மட்டுமே கவலையாக இருக்கிறது; இறங்கினால்தான் முடிவை ‘சிக்னிஃபிகன்ட்’, அதாவது குறிப்பிடத்தக்கது, என்பார்கள். இந்தப் பழக்கம் ஆய்வுகளை எப்படித் திசைதிருப்புகிறது என்பதை அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வேடுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஏறக்குறைய 6,800 பேரின் பரிசோதனைப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது. இரு குழுக்களின் சராசரி மேல் ரத்த அழுத்தத்துக்கு இடையே இருந்த வேறுபாடு 1.2 மி.மீ.; பி மதிப்பு 0.001. “குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது” என்று முடிவுரையில் எழுதியிருந்தார்கள். பாதரச ரத்த அழுத்தமானியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள இடைவெளியே 2 மி.மீ. இரண்டாவது ஆய்வில் குழுவுக்கு 18 பேர் வீதம் மொத்தம் 36 பேர். அதில் வேறுபாடு 8 மி.மீ.; பி மதிப்பு 0.12. “வேறுபாடு இல்லை” என்று அந்த மாணவி எழுதியிருந்தார். எட்டு மில்லிமீட்டர் என்பது சிகிச்சையை மாற்றலாமா என்று மருத்துவரை யோசிக்க வைக்கக்கூடிய அளவு.

பி மதிப்பு சொல்வது மிகக் குறுகிய ஒரு செய்தியை மட்டுமே: உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பது. ஆட்களின் எண்ணிக்கை கூடினால் மிகச் சிறிய வேறுபாடும் அந்த எல்லையைக் கடந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் பெரிய வேறுபாடும் கடக்காமல் நின்றுவிடும். 0.05 என்ற எல்லையை 1925-இல் வெளிவந்த தம் நூலில் வசதி கருதிப் பரிந்துரைத்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரே, எல்லாச் சூழலுக்கும் ஒரே எல்லையை எந்த ஆய்வாளரும் வைத்துக்கொள்வதில்லை என்று 1956-இல் எழுதினார். பி மதிப்பு வேறுபாட்டின் அளவையோ முக்கியத்துவத்தையோ காட்டாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் அறிக்கையே வெளியிட்டது.

வேறு துறைகளுக்குப் போனால் எல்லையும் மாறுகிறது, சில இடங்களில் கேள்வியே மாறுகிறது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் பற்றிய அறிவிப்பு வெளியானபோது இயற்பியலாளர்கள் கைக்கொண்ட அளவுகோல் ஐந்து சிக்மா, அதாவது ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. முழு மரபணுத்தொகுதியையும் அலசும் ஆய்வுகள் ஏறத்தாழ பத்து லட்சம் சோதனைகளை ஒரே நேரத்தில் செய்வதற்கு ஈடானவை என்பதால், அங்கே எல்லை 2 கோடியில் ஒன்று.

மொழியியலில் எண்ணுக்கு இடமே வேறு. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் பகரம் ஒலிப்பில்லாமல், அதாவது குரல்நாண் அதிராமல், வருகிறது. மகரத்தை அடுத்து வரும் இரண்டாவது பகரம் ஒலிப்புடன், அதாவது குரல்நாண் அதிர்ந்து, வருகிறது. ஒலிப்பதிவுக் கருவியில் இந்த இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரியும். நூறு பேரிடம் பதிவு செய்து கணக்கிட்டால் பி மதிப்பு மிகமிகச் சிறியதாகவே வரும். ஆனாலும் தமிழ் இலக்கணத்துக்கு அவை ஒரே எழுத்துதான், ஏனென்றால் அந்த வேறுபாடு தமிழ்ச் சொற்களில் பொருளை மாற்றுவதில்லை. இந்தியில் அதே வேறுபாடு, ‘கணம்’ என்று பொருள்படும் pal என்ற சொல்லை ‘வலிமை’ என்று பொருள்படும் bal என்று மாற்றிவிடும். இந்திக்காரரின் காதுக்குச் சிக்கலாகத் தோன்றும் வால், வாள், வாழ் மூன்றும் நமக்கு மூன்று சொற்கள். கருவி காட்டும் வேறுபாடு ஒன்று, அந்த மொழி பொருட்படுத்தும் வேறுபாடு மற்றொன்று என்பதை மொழியியல் மாணவர் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறார். எங்கள் மாணவர்களுக்கும் இது முதல் பருவத்திலேயே சொல்லித்தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, என்னிடம் வருகிறவர்கள் தரவு சேகரித்த பிறகு வருவதைவிட, ஆய்வுத் திட்டம் எழுதும்போதே வரவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். குறைந்தபட்சம் எவ்வளவு வேறுபாடு இருந்தால் சிகிச்சை மாறும் என்பதை நெறியாளருடன் பேசி எண்ணாக எழுதிவிட்டால், மாதிரி அளவு அதிலிருந்து வந்துவிடும். திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 15 மி.மீ. எனக் கொண்டால், 8 மி.மீ. வேறுபாட்டை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டறியக் குழுவுக்கு ஏறக்குறைய 56 பேர் தேவை. பதினெட்டுப் பேரை வைத்துக்கொண்டு தொடங்கியபோதே அந்த ஆய்வு பதில் தரமுடியாத இடத்தில் இருந்தது. அதற்காக அந்த மாணவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் அந்தக் கணக்கை யாரும் கேட்டிருக்கவில்லை.

இரண்டு முடிவுரைகளும் திருத்தி எழுதப்பட்டன. முதலாவதில் “குறிப்பிடத்தக்க” என்ற சொல் நீக்கப்பட்டு, வேறுபாடு 1.2 மி.மீ., 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி (தரவோடு ஒத்துப்போகும் வேறுபாடுகளின் வரம்பு) 0.5 முதல் 1.9 வரை, சிகிச்சையை மாற்ற இது போதாது என்று சேர்க்கப்பட்டது. இரண்டாவதில் “வேறுபாடு இல்லை” என்ற வரிக்குப் பதிலாக, இடைவெளி −2 முதல் 18 வரை விரிந்திருப்பதால் உண்டு என்றோ இல்லை என்றோ இந்த மாதிரியைக் கொண்டு கூற இயலாது என்று அந்த மாணவியே எழுதிக் கொண்டுவந்தார்.