“தமிழ் ரொம்ப அருமைங்க” என்றால் கவனியுங்கள்

உங்கள் கதையின் கைப்பிரதியைப் படிக்க வாங்கிப்போனவர் “தமிழ் ரொம்ப அருமைங்க” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தால், பாதியில் மூடிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதை பிடித்தவர் கதையைப் பற்றிப் பேசுவார். எழுதியவரின் முகத்துக்கு நேரே “புரியவில்லை” என்று சொல்ல நம் சேலத்தில் யாருக்கும் வாய் வராது.

கடினமான சொல் வந்ததும் வாசகர் அகராதியைப் புரட்டுவார் என்பது எழுதுகிறவரின் ஆசை. பலர் தாவிப் போய்விடுகிறார்கள். புரட்டுகிறவருக்கும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. “உத்தரத்தில் ஞான்ற விளக்கு” என்று எழுதியிருக்கிறது. ‘ஞான்ற’ என்று தேடினால் சிக்காது. வினையடி ‘ஞால்’, அதாவது தொங்குதல். அருகில் அகப்படும் ‘ஞான்று’ நாள், காலம் என்று பொருள் சொல்லும். விளக்கை விட்டுவிட்டு வாசகர் நாள் பார்க்கப் போய்விடுவார். இந்த அலைச்சலுக்குப் பிறகு அடுத்த சொல்லைத் தேட யாருக்குப் பொறுமை? ‘தொங்கிய’ போதும்.

அதற்காகத் தெரியாத சொல்லே கூடாது என்றில்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையைப் பற்றி எழுதுகிறவர் ‘திப்பி’யை விடக் கூடாது. “கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சிய திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பினார்கள்” என்று எழுதினால் சென்னை வாசகருக்கும் விளங்கிவிடும். மாறாக, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவருக்கான கட்டுரையில் ‘மாவுச்சத்து விழுக்காடு’ என்றால் கண் வழுக்கும். அதையே ‘எத்தனை பாயிண்ட்’ என்றால் நிமிர்ந்து உட்காருவார், அவருக்கு விலை வைப்பதே பாயிண்டைப் பார்த்துத்தான்.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் ஓப்பன்ஹைமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேவையில்லாமல் நீளச் சொற்களைப் போட்டவர்களை வாசகர்கள் அறிவில் குறைத்தே மதிப்பிட்டார்கள். சோதித்தது ஆங்கிலத்தில்தான். ஆனாலும் நம் ஊர்ப் புத்தக வெளியீட்டு விழாக்களின் பின்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

உங்கள் பிரதியைச் சோதிக்க, நடுவிலிருந்து 2 பக்கங்களை எடுத்து 3 பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அதைத்தான் எல்லோரும் இழைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் பேசாமல் பென்சிலோடு உட்காருங்கள். குரல் தாழும் இடத்தில் கோடு, ஒரே சொல்லைத் திரும்பப் படித்தால் இரட்டைக் கோடு. முடிந்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். “என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று கேளுங்கள். இரண்டு பேர் தடுக்கிய இடத்தை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் என்றால் விட்டுவிடலாம்.

தடுக்கிய இடத்தில் பல நேரம் அருஞ்சொல்லே இருக்காது. ‘நிறைவேற்றப்படவேண்டியிருந்தமையால்’ என்று ஒட்டிக்கொண்ட வால்தான் இருக்கும். ‘செய்ய வேண்டியிருந்ததால்’ என்று பிரித்து எழுதிவிட்டு, அதே ஆளிடம் இல்லாமல் நான்காவது ஒருவரிடம் கொடுங்கள்.