சாத்துக்குடிச் சுளையும் நூடுல்ஸ் வில்லையும்

தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் சாத்துக்குடிக் குவியலுக்கு மேலே நூடுல்ஸ் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். எது சத்தானது என்று கேட்டால் எல்லோரும் பழத்தையே காட்டுவார்கள். ஆனால் பாக்கெட்டின் பின்புறத்தில் 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருக்கும் கணக்கைப் பழத்தின் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். உலர்ந்த நூடுல்ஸில் சுமார் 440 கிலோகலோரி ஆற்றலும் 9 கிராம் அளவுக்குப் புரதமும் இருக்க, அதே எடையுள்ள ஆரஞ்சு இனப் பழச் சுளையில் ஏறத்தாழ 45 கிலோகலோரிதான் இருக்கும். புரதம் ஒரு கிராம் அளவுக்கே இருக்கும்.

இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டின் பெரும்பகுதி வெறும் நீர். சுளையில் 100 கிராமுக்கு 87 கிராம் நீர் போக, 13 கிராம்தான் திடப்பொருள். அந்தத் திடப்பொருளை மட்டும் கணக்கிட்டால் கிராமுக்கு மூன்றரை கிலோகலோரி வரும், நூடுல்ஸில் நாலரை. எஞ்சும் வேறுபாட்டுக்கு எண்ணெயே முதன்மைக் காரணம்.

அந்த எண்ணெய் உள்ளே நுழையும் விதம் கவனிக்கத்தக்கது. பிசைந்த மைதாவைத் தகடாக்கி, இழைகளாக வெட்டி, ஆவியில் வேகவைத்தபின், ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரிக்கிறார்கள். இழைக்குள் இருக்கும் நீர் நீராவியாகச் சீறி வெளியேற, அது இருந்த இடங்களில் நுண்துளைகள் உண்டாகின்றன. அவற்றில் ஒரு பகுதியை எண்ணெய் பிடித்துக்கொள்கிறது. இழையை ஒடித்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தால் அந்தத் துளைகளைப் பார்க்கலாம். கொதிநீர் அவற்றின் வழியே விரைந்து ஊறுவதாலும், மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதாலும்தான் நூடுல்ஸ் சில நிமிடங்களில் தயாராகிறது. ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ் இம்முறையில் உருவானதே.

நூடுல்ஸில் வைட்டமின் சி இல்லாததற்குப் பொரிப்பதைக் குறைசொல்வது சரியல்ல, ஏனெனில் கோதுமையிலேயே அது கிடையாது. மனித உடலும் அதைத் தானே தயாரிக்க இயலாததால் உணவிலிருந்தே பெற வேண்டும். 100 கிராம் ஆரஞ்சுச் சுளையில் சுமார் 50 மில்லிகிராம் உண்டு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. சோடியத்தில் கதை தலைகீழாகிறது: பழத்தில் அது இல்லை என்றே சொல்லலாம். மசாலாத்தூளோடு சேர்ந்த நூடுல்ஸிலோ அது ஏராளம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குக் குறைவாகவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என் பார்வையில், இந்த மாவட்டத்துக்கு இவற்றைவிட முக்கியமானது இரும்புச்சத்து. கேழ்வரகுக் களியிலும் கீரைக் கடைசலிலும் இரும்பு இருந்தாலும், ஃபைட்டேட் போன்ற பொருள்கள் அதைப் பிணைத்துக்கொள்வதால் குடல் சிறுபகுதியையே உறிஞ்சுகிறது. வைட்டமின் சி அந்த இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்கு இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் சந்திக்க வேண்டும். சூட்டில் சிதைவது வைட்டமின் சியின் இயல்பு என்பதால், கடைசலை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு எலுமிச்சையைப் பிழியலாம், அல்லது களி உண்ட கையோடு ஒரு சாத்துக்குடியை உரித்துத் தின்னலாம்.