வௌவாலில் வால் இல்லை

முதலில் எழுத்துக்கூட்டலை முடித்துவிடலாம். கைபேசியில் வௌவால் என்று அடிக்கும்போது பலர் 'வெ' போட்டுப் பக்கத்தில் ஒரு 'ள' போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் அகப்படாது. அங்கே இருக்கவேண்டியது வ் + ஔ சேர்ந்த ஒரே எழுத்து. அதற்குள் ளகரம் கிடையாது. இந்த வம்பே வேண்டாம் என்றால் வாயில் வருகிறபடி வவ்வால் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இரண்டுக்கும் மூத்த வடிவம் வாவல். குறுந்தொகை 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் 'அஞ்சிறை நொப்பறை வாவல்' என்கிறார். சிறை என்றால் சிறகு, பறை என்றால் பறத்தல். மெல்லெனப் பறந்து, மாலையில் பழுத்த மரத்தைத் தேடிப் போகிற வாவல். வாவுதல் என்பதற்குத் தாவுதல், தாண்டுதல் என்று பொருள். அதிலிருந்து வாவல் வந்தது என்பது பொருத்தமாகவே இருக்கிறது. வௌவுதல், அதாவது கவர்ந்துகொள்ளுதல் என்பதிலிருந்து வந்தது என்றும் சொல்வதுண்டு. பழத்தைக் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தால் அப்படித் தோன்றத்தான் செய்யும். ஆனால் பழைய வடிவமே வாவல் என்று இருக்கும்போது வௌவுக்கு அங்கே என்ன வேலை? கடைசியில் நிற்கும் 'வால்' ஓசையால் வந்து ஒட்டியது. நம் ஊர் ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு வாலே கிடையாது.

சரி, அறிவியல் பெயருக்கு வருவோம். வௌவால்கள் எல்லாம் அடங்கிய வரிசைக்குக் கைராப்டெரா என்று பெயர். 1779இல் புளூமன்பாக் என்ற ஜெர்மானியர் வைத்தது. கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை, 'ப்டெரோன்' என்றால் சிறகு. இந்தப் பெயர் எவ்வளவு சரி என்று எனக்குப் புரிந்தது, மின்கம்பியில் அடிபட்டு வாசலில் விழுந்து கிடந்த ஒரு பழந்தின்னியைக் குச்சியால் விரித்துப் பார்த்தபோதுதான். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் நமக்கு இருக்கிற வரிசையில் அப்படியே இருந்தன. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, கொக்கி நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற நான்கு விரல்களும் குடைக்கம்பி மாதிரி நீண்டு, நடுவே குடைத்துணி மாதிரி கறுத்த தோல். பறவையின் இறக்கையில் விரல்கள் ஒடுங்கிப் போயிருக்கும், பறக்க உதவுவது இறகு. இங்கே மொத்த உள்ளங்கையும் விரிந்து இறக்கையாகியிருக்கிறது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? நன்னாகையாரின் சொல்லை எடுத்துக் 'கைச்சிறை' என்றால் யாரையோ விலங்கு மாட்டிக் கூட்டிப் போவதாக நினைப்பார்கள். 'கைச்சிறகி' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சிறகு என்றதும் நமக்கு இறகும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது, வௌவாலுக்கோ ஓர் இறகும் இல்லை. இறக்கையும் இறகோடு உறவுள்ள சொல்தான் என்றாலும், விமானத்துக்கே இறக்கை என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் என் ஓட்டு 'கையிறக்கை விலங்கு' என்பதற்கு.

விலங்கு என்பதில் சந்தேகமே வேண்டாம். உடம்பில் மயிர் உண்டு. குட்டி போட்டுப் பால் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஒரே குட்டி. முலைகள் நெஞ்சில் இருக்கும். இதை முக்கியமான அடையாளமாக எடுத்துக்கொண்ட, உயிர்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், 1758இல் வௌவாலை மனிதர், குரங்கு இருந்த வரிசையிலேயே சேர்த்துவிட்டார்! இன்றைய மரபணு ஆய்வின்படி அது நமக்கு அவ்வளவு நெருங்கிய சொந்தமில்லை, எலிக்கும் இல்லை. நாய், குதிரை, திமிங்கிலம் இருக்கும் பெரும்பிரிவில்தான் வருகிறது. 1,400க்கு மேற்பட்ட இனங்கள், பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பெரியவை, சிறியவை என்று முன்பு இரண்டாகப் பிரித்ததையும் இப்போது கலைத்து மாற்றியிருக்கிறார்கள்.

பல்லை விட்டுவிட்டேனே. நற்றிணை 87இல் நக்கண்ணையார் 'முள்ளெயிற்று வாவல்' என்கிறார். முள் போன்ற பல் உள்ள வாவல். ஊர் மாமரத்துக் கிளையில் 'தூங்கு துயில்' கொள்ளும்போது அது நெல்லிக்காயின் புளிப்பைக் கனவு காண்கிறதாம். தூங்குதல் என்றால் அந்தக் காலத்தில் தொங்குதல். தூங்கணாங்குருவியில் இன்னும் அந்தப் பொருள் மிச்சமிருக்கிறது. தொங்குவதும் உறங்குவதும் ஒன்றாகவே நடக்கிற உயிர் இது. உடல் எடை இழுக்க இழுக்கக் கால்விரல் தசைநாண்கள் தானாகவே பூட்டிக்கொள்வதால் தொங்குவதற்கு அதற்குத் தனிச் சிரமம் இல்லை. செத்த பிறகும் சில தொங்கிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

அப்புறம், தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் பிடிபட்ட ஒரு வௌவாலைச் சாதாரணப் பழந்தின்னி என்று பெயரெழுதி வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அது புதிய பேரினமே என்று காட்டி, பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரைச் சேர்த்து லாட்டிடென்ஸ் சாலிம்அலிஐ என்று பெயரிட்டார். பறவையே இல்லாத ஒன்றுக்குப் பறவைக்காரர் பெயர். அதைக் காட்டிக்கொடுத்ததும் பல்வரிசைதான். அந்தப் பெயரில் வரும் 'டென்ஸ்' என்பதற்கு லத்தீனில் பல் என்று பொருள்.