‘பரிசீலனையில் உள்ளது’ என்று சொன்னால் விளக்கு எரியும்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். முப்பது வருஷமாக வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. அவர் கேட்டது இது: “சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை வேண்டும் என்று நம் எம்.பி.க்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அமைச்சரும் ஏதோ பதில் சொல்கிறார். மறுநாள் பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வருகிறது. அப்புறம் அந்தக் கேள்வி எங்கே போகிறது ஐயா?”

அறிவியல் பகுதிக்கு எழுத வேண்டிய கேள்வியா இது என்று முதலில் தோன்றியது. இரண்டாவது தடவை படித்தபோது, ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்றுதான் அவர் கேட்கிறார் என்று புரிந்தது. இந்தக் கருவியின் உள்ளே ஓர் அழகான பாகம் வேறு இருக்கிறது. அதைச் சொல்ல, முதலில் ஒரு கன்ட்ரோல் ரூமுக்குப் போய்வர வேண்டும்.

இளம் வயதில் ஓர் அனல் மின் நிலையத்தில் சில மாதம் பயிற்சி எடுத்தேன். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்களாக ஓர் அலாரம் பலகை. ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கோளாறின் பெயர். கொதிகலனில் தண்ணீர் மட்டம் இறங்கினால் அதற்குரிய சதுரம் மின்னி மின்னி எரியும், ஹாரன் அலறும். ஆபரேட்டர் ‘பார்த்துவிட்டேன்’ பொத்தானை அழுத்தினால் ஹாரன் நிற்கும். ஆனால் விளக்கு அணையாது, மின்னாமல் நிலையாக எரியும். கோளாறு சரியாகி, அதன்பிறகு ஒருவர் ‘ரீசெட்’ அழுத்தினால்தான் அணையும். தண்ணீர் மட்டம் ஒரே ஒரு விநாடி இறங்கிவிட்டுத் தானாகவே ஏறிவிட்டாலும் இதே கதைதான். என்ன நடந்தது என்று ஒரு மனிதர் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். மின்னணுவியலில் இதற்கு ‘லாட்ச்’ என்று பெயர், அதாவது தாழ்ப்பாள். வீட்டு காலிங் பெல் இப்படி இல்லை. விரலை எடுத்ததும் சத்தம் நின்றுவிடும், யாராவது வந்துபோனதற்கு அடையாளமே இருக்காது.

சரி, டெல்லிக்கு வருவோம். சட்டம் மற்றும் நீதி அமைச்சகத்துக்குள் மூன்று துறைகள். அதில் ஒன்றுக்குப் பெயர் நீதித்துறை. நீதிமன்றங்கள் அல்ல, அரசின் ஓர் அலுவலகம். அது 2009 கடைசி வரை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது. மான்சிங் சாலையில் ஜெய்சல்மேர் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் இருக்கிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்புகள், இ-கோர்ட்ஸ் திட்டம், போக்சோ விரைவு நீதிமன்றங்கள், சட்ட உதவி எல்லாம் இங்கேதான் வந்து போகின்றன.

இந்தத் துறையை எம்.பி.க்கள் எப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும், வேகமாகத் தாண்டிவிடலாம். மக்களவையில் சட்ட அமைச்சகத்தின் முறை வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் வியாழக்கிழமை. 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும். கேள்விகள் குவிந்துவிடுவதால் குலுக்கல். மக்களவையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் கேள்வி 20, அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக் கேள்வியும் உண்டு. நட்சத்திரமில்லாத கேள்வி 230 வரை, அதற்கு எழுத்தில் பதில். ஒரு வேலி மட்டும் உண்டு. அரசியல் சட்டத்தின் 121-ஆவது பிரிவுப்படி, பதவி நீக்கத் தீர்மானம் வந்தாலொழிய ஒரு நீதிபதி தன் கடமையைச் செய்யும் விதத்தைப் பற்றி அவையில் விவாதிக்கக் கூடாது. ஆக, நீதித்துறையின் கோப்பைப் பற்றிக் கேட்கலாம், நீதிபதியின் நடத்தையைப் பற்றிக் கூடாது.

இதுவரை சொன்னது காலிங் பெல்தான். கேள்வி, பதில், பேப்பரில் ஒரு செய்தி, முடிந்தது. குமாஸ்தா ஐயா பார்த்தது இந்த பாகத்தை. தாழ்ப்பாள் வேறு இடத்தில் இருக்கிறது.

1953 டிசம்பர் 1 அன்று மக்களவையில் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று அமைந்தது. அதற்கு முன்பு அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கை ஞாபகம் வைத்திருப்பது கேட்டவர் பாடு. நம் சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒரு குழு உண்டு. ‘உறுதிமொழிக் குழு மாவட்டத்தில் ஆய்வு’ என்று பாதி கட்டிய பாலத்தடியில் எம்.எல்.ஏ.க்கள் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மக்களவைக் குழுவில் 15 பேர், சபாநாயகர் நியமிப்பார், அமைச்சர்களுக்கு இடமில்லை. மாநிலங்களவையில் இப்படிக் குழு வர 1972 ஆகிவிட்டது.

உறுதிமொழி என்றால் எது? ‘நிச்சயம் செய்வேன்’ என்று எந்த அமைச்சரும் அவ்வளவு லேசில் சொல்லிவிட மாட்டார். அதனால் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, முப்பத்துச் சொச்சம் வாக்கியங்கள். ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது.’ ‘கவனிக்கிறேன்.’ ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்.’ ‘என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறேன்.’ ‘இது முக்கியமாக மாநில அரசின் விஷயம், ஆனாலும் கவனிக்கிறேன்.’ எனக்குப் பிடித்தது இது: ‘என் சுற்றுப்பயணத்தின்போது நிலைமையை நேரிலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.’ இதில் ஏதோ ஒன்றின் சாயலில் அமைச்சர் பேசிவிட்டால் போதும், அது உறுதிமொழிக் கணக்கில் ஏறிவிடும்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஒரு நீளமான கோப்புக்குள் குறிப்பிட்ட சொற்களைத் தேடிப் பிடிக்கும் நிரலின் வேலை இது. அமைச்சர் மனதில் என்ன இருந்தது, கிண்டலா, சமாளிப்பா என்று ஆராய்வது கஷ்டம். வாயில் என்ன வந்தது என்பது சுலபம். அவைக் குறிப்பில் அச்சாகி இருக்கிறது.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று சமையலறையில் நிற்பவர்களுக்கும் தெரியும். சைக்கிள் கேட்ட பையனிடம் அப்பா ‘பார்க்கலாம்’ என்றால் சைக்கிள் கிடையாது. நாசூக்காக மறுப்பதற்கென்றே ஒவ்வொரு மொழியிலும் சில சொற்கள் இருக்கின்றன. இந்தக் குழு செய்த வேலை, அந்தச் சொற்களையே பொறுக்கியெடுத்து, ‘நீங்கள் எந்த அர்த்தத்தில் சொன்னீர்களோ, நாங்கள் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறோம்’ என்று எழுதி வைத்தது. லெட்டர் போடுகிறேன் என்றீர்களே, மூன்று மாதத்தில் லெட்டர் வரவேண்டும்!

கெடு உண்மையிலேயே மூன்று மாதம்தான். அவை நடவடிக்கையிலிருந்து நாடாளுமன்ற விவகார அமைச்சகம் இந்த வாக்கியங்களைப் பொறுக்கியெடுத்து அந்தந்தத் துறைக்கு அனுப்பும். நிறைவேற்றினால் அதற்கான அறிக்கையை அவையில் வைக்கவேண்டும். முடியவில்லை என்றால் காரணம் சொல்லி அவகாசம் கேட்கலாம், கைவிட அனுமதிக்கச் சொல்லியும் கேட்கலாம். விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது குழு. துறைச் செயலாளரை நேரில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். எல்லாவற்றையும்விட ரசிக்கத்தக்க விஷயம், மக்களவை கலைந்தால் மசோதாக்கள்கூடக் காலாவதியாகிவிடும், உறுதிமொழி ஆகாது. அடுத்த மக்களவையின் குழு அதை எடுத்துப் பார்த்து, வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவுசெய்யும். அமைச்சர் மாறலாம், கட்சியே மாறலாம், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு நல்ல தாழ்ப்பாள் இருந்தும் குமாஸ்தா ஐயாவின் கேள்வி ஏன் அதில் மாட்டவில்லை?

அந்த மின் நிலையத்துக்கே திரும்பிப் போகிறேன். சும்மா சும்மா அலறிய ஓர் அலாரத்துக்கு அங்கே இரண்டு வைத்தியம் நடந்தது. ஒரு ஷிப்டில் ஹாரன் வாயில் அட்டையை மடித்துச் செருகினார்கள். இன்னொரு ஷிப்டில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். எந்த அளவில் அலாரம் அடிக்கவேண்டும் என்ற செட் பாயின்ட்டையே நகர்த்தி வைத்துவிட்டார்கள். பலகை சுத்தமாக இருந்தது, எந்த விளக்கும் எரியவில்லை. பயிற்சிக்கு வந்த பையன் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

நீதித்துறையின் பதில்களைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு வரிசையாகப் படித்துப் பாருங்கள், சில வாக்கியங்கள் மனப்பாடமே ஆகிவிடும். உயர் நீதிமன்றக் காலியிடம் பற்றிக் கேட்டால், அவற்றை நிரப்புவது ‘அரசு நிர்வாகத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் இடையே தொடர்ந்து நடைபெறும், ஒருங்கிணைந்த, கூட்டுச் செயல்பாடு’ என்று வரும். தேங்கிய வழக்குகளைப் பற்றிக் கேட்டால், வழக்குகளை முடிப்பது முழுக்க நீதிமன்றங்களின் அதிகார வரம்பு என்று வரும். இவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘செய்வோம்’ இல்லை, ‘பார்க்கிறோம்’ இல்லை. எதிர்காலத்தைப் பற்றிய வினைச்சொல்லே இல்லை, மாட்டுவதற்குக் கொக்கியும் இல்லை.

இதில் சதி எதுவும் இருக்கவேண்டியதில்லை. டார்வின் போதும். தொந்தரவு கிளப்பிய வாக்கியத்தை அடுத்த கூட்டத்தொடரில் யாரும் எடுத்து எழுத மாட்டார்கள். தொந்தரவில்லாமல் போன வாக்கியத்தைப் பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். பல கூட்டத்தொடர் கழித்து மிஞ்சி நிற்பது, எந்த வலையிலும் சிக்காத வாக்கியம். மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகுவதும் இப்படித்தான். இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும், அந்த வாக்கியங்கள் பொய் இல்லை. மூத்த நீதிபதிகளே புதிய நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் கொலீஜியம் முறையில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கான பரிந்துரையை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தொடங்கிவைக்க வேண்டும், துறை தனியாக எதையும் வாக்களிக்க முடியாது. கோப்பு துறையின் மேஜையில் எத்தனை மாதம் கிடந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது, அதுதான் என் புகார்.

சென்னைக் கிளைக்கு வரும் பதிலும் இந்த இனம்தான். 2009-இல் சட்ட ஆணையம் தன் 229-ஆவது அறிக்கையில் டெல்லியில் அரசியல் சாசன அமர்வும், நான்கு பிராந்தியங்களில் மேல்முறையீட்டு அமர்வுகளும் வைக்கலாம் என்றது. தென்னகத்துக்குச் சென்னை அல்லது ஹைதராபாத். 2010 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி, டெல்லிக்கு வெளியே கிளைக்கு அவசியமில்லை என்று முடிவெடுத்தார்கள். 2016 ஜூலையில் தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் பற்றிய வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஆகவே விஷயம் நீதிமன்றத்தின் முன் உள்ளது. பதில் இவ்வளவுதான், எதிர்காலமே இல்லை. பட்டியலில் உள்ள ஒரு வாக்கியமும் இதில் கிடையாது, ஐயா.

ஆனால் கட்டுப்பாட்டு அறையில் ஒரே பலகையை நம்ப மாட்டார்கள், ரவுண்ட்ஸ் போகும் ஆளும் உண்டு. துறைசார் நிலைக்குழுக்கள் அந்த ஆள். 1993-இல் 17 குழுக்களோடு தொடங்கி, 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர், மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. நீதித்துறையைப் பார்ப்பது பணியாளர், சட்டம், நீதி ஆகியவற்றுக்கான குழு. அவையில் பெரும்பாலான துறைகளின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகள், விவாதமே இல்லாமல் ‘கில்லட்டின்’ போட்டுக் கடைசி நாளில் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். குழுவில்தான் ஒவ்வொரு தலைப்பாகப் பணம் எங்கே போனது என்று பார்க்கிறார்கள். கூட்டம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும். கேமரா இல்லாததால் கத்தவேண்டிய அவசியமும் இல்லை. செயலாளர் எதிரே உட்கார்ந்திருப்பார். ‘கூட்டுச் செயல்பாடு’ என்றால், ‘சரி, உங்கள் பங்கு எவ்வளவு நாள் எடுத்தது?’ என்று அடுத்த விநாடியே கேட்கலாம். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று மூன்று மாதத்தில் பதில் தரவேண்டும். ஏற்கமுடியாத பதில்களைக் குழு தனி அத்தியாயமாகப் போட்டு இன்னொரு அறிக்கை வைக்கும். இதுவும் ஒரு தாழ்ப்பாள்தான்.

2023 ஆகஸ்டில், சுஷில் குமார் மோடி தலைமையில் இருந்த குழு தன் 133-ஆவது அறிக்கையில், உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு வெளியேயும் அமர இடம்தரும் அரசியல் சட்டத்தின் 130-ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றத்துக்குப் பிராந்தியக் கிளைகள் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் தமிழ்நாட்டிலிருந்து பி. வில்சன் இருந்தார். அதே அறிக்கை உயர் நீதிமன்றங்களில் சமூகப் பன்முகத்தன்மையைப் பற்றியும் பேசியது. அதற்கு முந்தைய மாதம் மக்களவைக்கு வந்த ஒரு பதில் நினைவிருக்கலாம். 2018-இலிருந்து 2023 ஜூலை 17 வரை நியமிக்கப்பட்ட 604 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பொதுப் பிரிவு 458, ஓ.பி.சி. 72, பட்டியல் சாதி 18, பழங்குடி 9, சிறுபான்மையினர் 34, தகவல் இல்லாதவர் 13. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 2018 முதல், பரிந்துரைக்கப்படுவோர் தங்கள் சமூகப் பின்னணியை ஒரு படிவத்தில் நிரப்பித் தரவேண்டியிருக்கிறது. அந்தப் படிவம் இல்லையென்றால் எந்தக் கேள்விக்கும் இப்படி ஒரு பதில் கிடைத்திருக்காது. சென்சார் வைத்த பிறகுதான் அளவு தெரியும். கேட்கிறவர் கெட்டிக்காரராக இருந்தாலும், துறை அளக்காத ஒன்றை அவரால் வெளியே கொண்டுவர முடியாது.

ஐந்து கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நாட்டில், எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் வீணாகிறது என்று அளக்கும் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மிகக் குறைவு என்பது என் கட்சி. நீதித்துறையிடமே நீதிச் சீர்திருத்த ஆய்வுகளுக்கென்று ஒரு திட்டம் உண்டு. அதைப் பல மடங்கு பெரிதாக்கவேண்டும். இப்போதைக்கு வழக்கு முடியப் பரிகாரத் தலங்களைச் சொல்லும் ஜோசியர்களிடம்தான் கூட்டம் அதிகம். வாய்தாவுக்கு முதல் நாள் எலுமிச்சம்பழம் வாங்குகிறவரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். எப்போது முடியும் என்று ஒரு தேதி சொல்ல அவருக்கு வேறு யாரும் இல்லை.

ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில்கள் மக்களவை இணையதளத்தில் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. உங்கள் ஆபீஸ் ஜூனியரை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் முதல் பக்கத்தைத் தாண்டிக் கடைசி வாக்கியத்துக்குப் போய் வினைச்சொல்லைப் பாருங்கள். இந்தக் கட்டுரைக்காக நான் பார்த்தவற்றில் ‘பரிசீலனையில்’ என்ற சொல் எங்கும் கண்ணில் படவில்லை. என்றைக்காவது பட்டால், தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு தொண்ணூறு நாள் எண்ணத் தொடங்குங்கள். எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.