உதவியே உபத்திரவமாகும் இதயம்

சிங்கப்பூரில் வேலை முடிந்து வீவக அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும் 47 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலுறையைக் கழற்றி அரை மணி நேரமாகியும் அதன் விளிம்பு பதிந்த பள்ளம் கணுக்காலில் மறையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் ஒரு தலையணை இரண்டாகி, இப்போது மூன்றாகியிருக்கிறது. புகைப்பழக்கம் இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, ஆஞ்சியோகிராமில் அடைப்பும் இல்லை. ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனையில் மட்டும் இதயம் பெருத்துத் தெரிகிறது. ‘இதயச் செயலிழப்பு, காரணம் தெரியவில்லை’ என்கிறார் மருத்துவர்.

செயலிழப்பு என்ற சொல் வீட்டாரை வீணாகக் கலங்கடிக்கிறது. இதயம் நின்றுவிடவில்லை, தளர்ந்திருக்கிறது. நலமானவரின் இடது கீழறை ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் இரத்தத்தை நிரப்பிக்கொண்டு ஒரு துடிப்பில் 70 மில்லிலிட்டரை வெளியேற்றும். அதாவது 58 விழுக்காடு. தசை நைந்தால் அறை மெல்ல விரிகிறது. விரிந்த அறையில் 240 மில்லிலிட்டர் நிரம்பி 60 மட்டும் வெளியேறினால் கணக்கு 25 விழுக்காடுதான். ஆயினும் உடலுக்குப் போய்ச் சேரும் இரத்தம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அவர் மாதக்கணக்கில் எதையும் உணராமல் ரயில் நிலையப் படிகளை ஏறிக்கொண்டிருந்தது இதனால்தான்.

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால், அது இதயம் தளர்ந்ததாலா காயத்தில் இரத்தம் வடிந்ததாலா என்று பிரித்தறிய உடலுக்கு வழியில்லை. எனவே காயம்பட்டவரைக் காக்கும் அதே ஹார்மோன் ஏற்பாடு ஓடத் தொடங்குகிறது: அட்ரினலின் துடிப்பை விரைவுபடுத்த, ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாய்களை இறுக்க, ஆல்டோஸ்டெரோன் உப்பையும் நீரையும் உள்ளேயே தேக்குகிறது. சில மணி நேரத்துக்கு இது உயிர்காக்கும். மாதக்கணக்கில் ஓடினாலோ, ஏற்கெனவே விரிந்த அறையில் மேலும் நீரை நிரப்பி, இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ளவைத்து, தசையை இன்னும் நையச் செய்கிறது. காலுறைப் பள்ளம் காட்டிக்கொடுப்பது அந்தத் தேங்கிய நீரைத்தான்.

மது, தைராய்டு, வைரஸ் தொற்று, சில புற்றுநோய் மருந்துகள் என ஒவ்வொன்றாகச் சோதித்தும் எதுவும் அகப்படாதபோது ‘இடியோபதிக்’ என்று எழுதுகிறார்கள். ‘தெரியவில்லை’ என்பதற்குக் கிரேக்க உடை அது. மரபணு ஆய்வுகளால் அந்தத் தெரியாமை சுருங்கிவருகிறது. குடும்பவழி வரும் இதய விரிவில் ஏறத்தாழ கால் பங்கினரிடம், தசைக்குள் சுருள்வில் போல இயங்கும் டைட்டின் புரதத்துக்குரிய மரபணு பாதியில் துண்டுபட்டிருக்கிறது. தெற்காசியர்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இன்னொரு இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதாக 2009இல் வெளிவந்த செய்தி நம்மவர்களிடையே பீதியைக் கிளப்பியது. ஆனால் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். நோயாளியின் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள்வது, பீதியடைவதைவிடப் பயனுள்ள காரியம்.

காரணம் தெரியாமலே சிகிச்சை பலிப்பது எப்படி? மருந்துகளின் குறி மூலக்காரணம் அன்று, மேலே சொன்ன தவறான உதவியே. தளர்ந்த இதயத்தை விரட்டி வேலை வாங்கிய சில மருந்துகளால் மரணங்கள் கூடின. மாறாக, 1975இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும், துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்தை ஏழு நோயாளிகளுக்குத் தந்து முன்னேற்றம் கண்டார்கள். களைத்த மாட்டுக்குத் தேவை சாட்டையன்று, ஓய்வு என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. இன்று ஆஞ்சியோடென்சினையும் ஆல்டோஸ்டெரோனையும் தடுப்பவை, நீரிழிவுக்கென வந்து இதயத்துக்கும் உதவும் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை எல்லாம் சேர்த்தே தரப்படுகின்றன. பலருக்கு 25 விழுக்காடு 50ஐத் தாண்டுகிறது.

அந்த மகிழ்ச்சியில் மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. இப்படி மீண்டவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2019இல் அச்சானது: நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறே மாதத்தில் நோய் திரும்பியது, தொடர்ந்து உட்கொண்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

வீட்டில் வேண்டிய முக்கியக் கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன் நின்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பன்று, இரண்டு லிட்டர் நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும்.

உப்புதான் இங்கே பெரும்பாடு. 2022 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்போ 2,000. உணவங்காடியில் மீ சூப்பின் சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுவதும், தோசைக்குச் சாம்பாரைக் குளம்போல் ஊற்றாமல் தொட்டுக்கொள்வதும் கணிசமாகக் குறைக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பேரங்காடிகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை இதயம் தளர்ந்தவர்கள் தாமாக வாங்கிவிடக்கூடாது. அதில் சோடியத்தின் இடத்தைப் பெரும்பாலும் பொட்டாசியம் பிடித்திருக்கும். இவர்கள் உட்கொள்ளும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளமே தவறக்கூடும். மற்றவர்களுக்கு நன்மை தரும் அந்தப் பொட்டலத்தை, பொட்டாசியம் மிகுந்த இளநீரைத் தினமும் பருகினால் அதையும் சொல்லி, அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவோடு மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேட்டபிறகே சமையலறைக்குள் அனுமதிக்க வேண்டும்.