வீகன்: பால் எப்போது கவுச்சி ஆனது?

அக்கா மகள் பெர்லினில் வேலை பார்க்கிறாள். லீவுக்குச் செங்கோட்டை வந்தவள், வந்த அன்றைக்கே ஆச்சி நீட்டிய காப்பி டம்ளரை வாங்காமல், "ஆச்சி, நான் இப்ப வீகன்" என்றாள். அம்மா அதை ஏதோ புது உத்தியோகத்தின் பெயர் என்று நினைத்துவிட்டாள் போல. "நல்லது, ஆறிப் போகும் முன்ன குடி" என்றாள். அப்புறம் நான்தான் நடுவில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று. கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் கிடையாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "ஏட்டி, பால் எப்பம் கவுச்சி ஆச்சு?"

கேள்வி நியாயமானதுதான். பால் கவுச்சி இல்லை என்பது நம் சைவத்தின் அடிப்படை. அதனால்தான் இந்தச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் சட்டென்று அகப்பட மாட்டேன் என்கிறது.

முதலில் வீகன் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இதை 'வேகன்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், படித்தால் கூட்ஸ் வண்டிதான் ஞாபகம் வருகிறது, வேண்டாம். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற தச்சு வேலை ஆசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் உண்டாக்கிய சொல் இது. அப்போது அங்கே வெஜிடேரியன் சங்கம் ஒன்று 1847இலிருந்தே இருந்தது. பால், முட்டையையும் விட்டவர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. சரி, தனியாகப் போய்விடுவோம் என்று முடிவெடுத்ததும் முதல் பிரச்சினை பெயர். டெய்ரிபான், வைட்டன், பெனவோர் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில் 'வெஜிடேரியன்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் எடுத்து ஒட்டி வீகன் ஆக்கினார்கள். வெஜிடேரியன் என்பதன் தொடக்கமும் முடிவும் இதுதான் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். நடுவில் விட்ட எழுத்துகளோடு பாலும் முட்டையும் போயிற்று என்று நான் வைத்துக்கொள்கிறேன். சங்கம் 50 வருஷத்தை எட்டிய 1994இலிருந்து நவம்பர் 1 உலக வீகன் நாள். 1956இல் அதே நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சொல் சாப்பாட்டோடு நிற்பதில்லை. தோல் செருப்பு, பட்டு வேட்டி, கம்பளி எல்லாமும் இதில் அடங்கும். முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்துவரும் வரை விலங்குகளைச் சுரண்டுவதையும் கொடுமைப்படுத்துவதையும் தவிர்ப்பது என்றுதான் அந்தச் சங்கத்தின் வரையறை போகிறது. நம் 'சைவம்' இலையோடு முடிந்துவிடும். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சைவச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். இணையக் கலைக்களஞ்சியத்தில் இதற்கு 'நனிசைவம்' என்று வைத்திருக்கிறார்கள். நனி நல்ல பழைய சொல். "உறு தவ நனி என வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப" என்று தொல்காப்பியம் உரிச்சொல்லில் சேர்த்திருக்கிறது. ஆக, நனிசைவம் என்றால் மிகுந்த சைவம், சைவத்துக்கும் மேலே ஒரு படி. சொல்லாகப் பார்த்தால் கச்சிதம். எனக்கு உறுத்துவது பின்பாதிதான்.

சைவம் என்பது சிவன் பேரில் வந்த சொல். அந்தச் சிவனுக்கோ நாம் செய்வது பாலாபிஷேகம். பால், தயிர், நெய் எல்லாம் சேர்ந்த ஆனைந்து அவருக்கு உகந்தது என்பதை, "ஆவினுக்கு அருங்கலம் அரன் அஞ்சாடுதல்" என்று அப்பர் பாடி வைத்திருக்கிறார். பசுவுக்குப் பெருமையே அரன் அந்த ஐந்திலும் குளிப்பதுதான் என்கிறார். அப்படி இருக்க, பாலைத் தொடாதவருக்கு 'மிகவும் சைவர்' என்று பெயர் வைப்பது அப்பருக்குச் சிரிப்பைத்தான் மூட்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் "நீங்க சைவமா?" என்று கேட்டால் பல நேரம் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை, சைவாளா என்று சாதியை விசாரிக்கிற நாசூக்கு. அந்த வாடையை நனி போட்டுக் கூட்டுவானேன்.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. புளியரை தாண்டி ஆரியங்காவு போனால் மலையாளத்தில் சஸ்யபுக்கு, வடக்கே நகரி, புத்தூர்ப் பக்கம் தெலுங்கில் சாகாஹாரி. சஸ்யம் பயிர், சாகம் கீரை. அவர்கள் சொல்லில் செடி இருக்கிறது, நம் சொல்லில் சாமி இருக்கிறார். ஆனால் ரெண்டு பக்கத்திலும் மோர் இல்லாமல் சாப்பாடு முடியாது, ஆகவே அந்தச் சொற்களும் வீகனுக்கு ஆகாது. கறி என்ற சொல்லும் அப்படித்தான், எல்லைக்கு எல்லை குணம் மாறுகிறது. செங்கோட்டையில் கறி என்றால் ஆட்டுக்கறி. மலையைத் தாண்டினால் எந்தத் தொடுகறியும் குழம்பும் கறிதான், மோர்க்கறி வரைக்கும். சங்கத் தமிழில் கறி மிளகு. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்வது ஆட்டுக்கறியை இல்லை.

பால் என்ற சொல்லாவது நிலையாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. தமிழில் பால் மாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எருக்கம்பால், கள்ளிப்பால் உண்டு, நெற்கதிரில் பால் பிடிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் தோட்டங்களில் ஆட்கள் விடியக்காலையில் எடுப்பது ரப்பர் பால். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சோயாப் பால் மாதிரித் தாவரப் பொருள்களைப் பால் என்று விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது, தேங்காய்ப்பால் மாதிரி வழக்கமாகிப் போன சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் சொதி என்ன ஆவது! மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பார்களே, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தேங்காயைப் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுகிற அந்தச் சொதியில் தாளிக்கிற நெய்யை எண்ணெயாக மாற்றிவிட்டால் அது முழு வீகன். அந்தப் பக்கத்து ஓலன், எரிசேரி, தோரன், புட்டும் கடலையும், சக்கைப் பிரதமன் (நெய்யை விட்டால்) எல்லாம் அதே கணக்கு. பெயர்தான் யாரும் வைக்கவில்லை.

பாலில்லாத பண்டத்துக்கு நம்மிடம் பெயர் உண்டு என்பதுதான் வேடிக்கை. கடுங்காப்பி, வரக்காப்பி, ஆரியங்காவு தாண்டினால் கட்டன் சாயா. பாலில்லாத ஆளுக்குத்தான் பெயர் இல்லை.

இதை நேரில் அனுபவித்தது தென்காசியில். ஊரில் பெயர் போன சைவ ஓட்டல் ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போனேன். "வீகன் சாப்பாடு கிடைக்குமா அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள். பரிமாறுகிறவர் போர்டைக் காட்டி, "இங்க எல்லாமே வெஜ்தாம்மா, முட்டைகூட உள்ள வராது" என்றார். பெருமையோடுதான் சொன்னார், சொல்லிக்கொண்டே பருப்பில் ஒரு கரண்டி நெய்யை ஊற்றிவிட்டார். 'சுத்த சைவம்' என்ற பலகையில் வருகிற சுத்தம் அசைவப் பாத்திரம் கலக்காத சுத்தம், பால் கலக்காத சுத்தம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அட்டையில் இருக்கிற பச்சைப் புள்ளியும் அதைத்தான் சொல்கிறது. வீகனுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல்தான் தனி விதிகளும் 'வி' எழுத்தும் இலையும் சேர்ந்த தனி முத்திரையும் கொண்டுவந்தது. அந்த முத்திரையை எங்கள் பஜாரில் தேடினால் கண் வலிக்கும்.

திரும்பி வருகிற வழியில், "பெர்லின்ல என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "அங்க ஒரு வார்த்தை போதும் மாமா. இங்க ஒரு பத்தி சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். பெருநகரம் வீகன்களுக்கு நல்ல இடம் என்று சொல்கிறார்களே, அதன் சங்கதி இதுதான் என்று எனக்குப் படுகிறது. 2011இலேயே பெர்லினில் வீகன் பொருள்களுக்கென்று முழு சூப்பர் மார்க்கெட் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் சரி, லட்சக்கணக்கான பேர் இருக்கிற ஊரில் ஆயிரத்தில் ஒருவருக்கு வேண்டிய பொருளுக்கும் கடை நடத்துகிற அளவு ஆள் தேறும். ஆனால் கடையைவிடச் சொல்தான் பெரிது. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஒரே அர்த்தம் தெரிந்த ஊர் பாதி வேலையை மிச்சம் பண்ணிவிடும். அதோடு, பெருநகரத்தில் பல தேசத்து அடுப்புகள் எரிகின்றன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நோன்பு இருந்து பால், நெய்கூட விட்டுவிடுவார்கள், அதனால் எத்தியோப்பிய ஓட்டலில் 'நோன்புச் சாப்பாடு' என்று கேட்டால் வருவது அப்படியே வீகன். அரபுக்காரர்களின் ஃபலாஃபெல், ஹம்முஸும் அப்படியே. நாமும் வெள்ளி, சனி, புரட்டாசி என்று நாள் பார்த்துச் சைவமாகிறவர்கள்தானே. "இன்னைக்கு நான் சைவம்" என்று நம்மால் சொல்ல முடிகிறது, பால் இல்லாத நாளுக்குத்தான் வழக்கம் இல்லை.

நகரம் செய்கிற இன்னொரு உதவி, ஏன் என்று கேட்க ஆள் இல்லாமல் இருப்பது. அங்கே காப்பியை மறுத்தால் கடைக்காரர் மனம் நோகாது. இங்கே ஆச்சி போட்ட காப்பி, மறுத்தால் மறுத்தது காப்பியை இல்லை.

வீகன் என்ற சொல் பிறப்பதற்கு வெகு முன்பே ஒரு பெருநகரம் இப்படிக் கைகொடுத்திருக்கிறது. 1888இல் லண்டன் போன காந்தி, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கால் புலால் தொடாமல் அரைப்பட்டினியாக அலைந்து, கடைசியில் ஃபேரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி ஓட்டலைக் கண்டுபிடித்துத்தான் வயிறாரச் சாப்பிட்டார். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலையும் விட்டார். சில வருஷம் கழித்துக் கடும் நோயில் விழுந்து, வைத்தியர் பால் குடித்தே ஆக வேண்டும் என்றபோது, சபதம் பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் கஸ்தூரிபா. குடித்தார், ஆனால் அந்தக் குறை அவர் மனதைவிட்டுப் போகவில்லை. அவரிடமும் இதற்கு ஒரு பெயர் இல்லை, ஒரு சபதம் இருந்தது.

அப்படியானால் தமிழில் என்னதான் சொல்வது? எழுத்தில் நனிசைவம் இருந்துவிட்டுப் போகட்டும், புழங்கத் தொடங்கிவிட்டது, சண்டை வேண்டாம். 'தாவர உணவு' என்பதில் மதமும் இல்லை, சாதியும் இல்லை, சாப்பாட்டு அட்டைக்கு எனக்கு அதுவே பிடித்தம், ஆனால் பட்டு வேட்டியையும் தோல் செருப்பையும் அது தொடாது. வள்ளுவர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தது 'புலால் மறுத்தல்' என்று. அதே தடத்தில் 'பால் மறுத்தல்' என்று வைக்கலாமே என்று ஒரு நாள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிக்கிற கதையைச் சொல்லிச் சிரித்தாள். அத்தோடு அந்த யோசனை போயிற்று.

பேச்சில் நமக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: சேர்ப்பதில்லை. வெங்காயம் பூண்டு சேர்ப்பதில்லை, புளி சேர்ப்பதில்லை, அசைவம் சேர்ப்பதில்லை. ஏன் என்று விளக்கம் கேட்காத, யாரையும் குறைசொல்லாத வினைச்சொல். வீகனை ஒரு பெயராக மாற்றத் தவிக்காமல் இப்படி வினையாக வைத்தால், தென்காசி ஓட்டல்காரருக்கும் புரியும்: பால், நெய் சேர்ப்பதில்லை.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மறுவீட்டுப் பந்தி. அம்மா முன்கூட்டியே சமையல்காரரிடம் போய் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "ஒரு வாளிச் சொதி நெய் விடாம எடுத்து வைங்க. பேத்தி பால், நெய் சேக்க மாட்டா." அவர் தலையாட்டிவிட்டுத் தனியாக எடுத்து வைத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.